வீகனா இருந்துக்கிட்டே யூத மதத்தை கடைப்பிடிக்க முடியுமா? என்கிட்ட கேட்ட கேள்விகளும் என் பதிலும்

நான் இஸ்ரேல்ல ஹைஃபா ஊர்ல ஒரு வயசான அம்மாவ கூடவே இருந்து பாத்துக்கற வேலைல இருக்கேன், ஏழு வருஷம் ஆச்சு. நான் நாகர்கோவில் பக்கம், கிறிஸ்தவ குடும்பம். நான் பாத்துக்கற அந்த பாட்டி போலந்துல இருந்து வந்த யூத குடும்பம், மதத்த நல்லா கடைப்பிடிக்கிறவங்க. அவங்க பேத்தி ஆர்மில இருந்தப்ப வீகன் ஆயிட்டா, கறி மீன் முட்டை பால் தேன் எதுவும் தொட மாட்டா. இந்த ரெண்டு பேருக்கும் ஒரே கிச்சன்ல சமைக்கிறது நான்தான். ஊர்ல இருக்கறவங்களும் இங்க கூட வேலை பாக்கறவங்களும் இதப் பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் ரபி (யூத மத குரு) இல்ல, கேட்டு, படிச்சு, சமைச்சு தெரிஞ்சுக்கிட்டதுதான் இதெல்லாம்.

யூதர் ஒருத்தர் வீகனா இருந்தா அது மதத்துக்கு விரோதமா?

இல்ல. இன்னைக்கு கறி தின்னே ஆகணும்னு ஒரு கட்டளையும் கிடையாது. எருசலேம்ல ஆலயம் இருந்த காலத்துல பஸ்கா ஆட்டுக்குட்டிய பலி குடுத்து அதுல கொஞ்சமாவது சாப்பிடணும்னு இருந்துச்சு. ரோமர்கள் கி.பி. 70-ல ஆலயத்த இடிச்சதோட அதுவும் நின்னு போச்சு.

ஆனா கடவுளே கறி சாப்பிடலாம்னு சொல்லிருக்காரே?

சொல்லிருக்காரு, எப்ப சொன்னாருன்னு பாருங்க. ஆதியாகமம் 1:29-ல மனுஷனுக்கு முதமுதல்ல குடுத்த சாப்பாடு விதை தர்ற செடியும் பழ மரமும்தான், அடுத்த வசனத்துல மிருகங்களுக்கும் பச்சைப் பூண்டுதான். ஆதாம்ல இருந்து நோவா வரைக்கும் அப்படியே போகுது. வெள்ளம் வந்து எல்லாம் அழிஞ்சதுக்கு அப்புறம் 9:3-லதான் கறிக்கு அனுமதி வருது, அதுவும் அடுத்த வசனத்துலயே ரத்தத்தோட சாப்பிடாதேன்னு கட்டுப்பாட்டோட. நான் சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல இத எத்தனையோ தடவ வாசிச்சிருக்கேன், ஒரு நாளும் கவனிச்சதில்ல. பாட்டியோட பேத்தி சொல்லித்தான் உறைச்சுது.

உபாகமம் 12:20-லயும் கறி சாப்பிட ஆசைப்பட்டா சாப்பிடலாம்னு இருக்கே தவிர சாப்பிடணும்னு இல்ல, ஆசைன்ற வார்த்தைய வெச்சேதான் டால்முட்ன்ற பழைய ரபிகளோட சட்ட நூல்ல கறிய தினசரி பழக்கமா வெச்சுக்காதேன்னு பாடம் எடுக்கறாங்க. எண்ணாகமம் 11-ல மன்னா போதாது கறி வேணும்னு ஜனங்க அழுது, காடை வந்து, தின்னவங்க செத்து, அந்த இடத்துக்கே ஆசையோட கல்லறைகள்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வெச்சாங்க. இன்னொரு பக்கம் ஏசாயா 11-ல வரப்போற காலத்துல சிங்கம் மாடு மாதிரி வைக்கோல் தின்னும்னு இருக்கு. ஆரம்பத்துலயும் கறி இல்ல கடைசிலயும் இல்ல, நடுவுல இருக்கற நமக்குத்தான் அனுமதின்னு பல ரபிகள் இத வாசிக்கிறாங்க.

பெரிய ரபிகள் யாராச்சும் இத ஒத்துக்கிட்டாங்களா, இல்ல இந்தக் காலத்து பசங்க கிளப்புனதா?

ரபி ஆபிரகாம் ஐசக் குக், 1921-ல பாலஸ்தீனத்தோட முதல் அஷ்கெனாசி (ஐரோப்பா வழி வந்த யூதர்கள்) தலைமை ரபி ஆனவரு, 1935-ல இறந்து போனாரு. கறி சாப்பிட கிடைச்ச அனுமதி தற்காலிகமானது, மனுஷன் மனசு வளர்ற வரைக்கும்தான்னு எழுதிருக்காரு. கோழியையோ காட்டு மிருகத்தையோ அறுத்தா அந்த ரத்தத்த மண்ணு போட்டு மூடணும்னு லேவியராகமத்துல ஒரு சட்டம் இருக்கு. அத அவரு எப்படி வாசிக்கிறாருன்னா, நீ செஞ்ச காரியத்துக்கு நீயே வெக்கப்படணும், அதுக்குத்தான் மூடச் சொல்றதுன்னு. ஆனா ஒண்ணு, எல்லாரும் உடனே கறிய விட்டுடுங்கன்னு அவரு சொல்லல. மனுஷன் மனுஷனுக்கே நியாயம் பண்ணாம இருக்கப்ப மிருகத்துக்கு மட்டும் இரக்கம் காட்டிட்டு நல்லவன்னு நெனச்சுக்கறது ஆபத்துன்னு எச்சரிக்கையும் பண்ணிருக்காரு. வீகன் ஆளுங்க அவர் பேர சொல்றப்ப இந்தப் பாதிய விட்டுடறது எனக்குப் பிடிக்கறதில்ல, முழுசா சொல்லணும்.

அவரோட சீடர் ரபி டேவிட் கோஹென்தான் அந்த எழுத்தையெல்லாம் தொகுத்து வெளியிட்டாரு, அவரும் கறி சாப்பிடாதவரு. அவர் பையன் ஷேயர் யஷுவ் கோஹென் பொறந்ததுல இருந்தே சைவம், எங்க ஹைஃபாவுக்கே 1975-ல இருந்து 2011 வரைக்கும் தலைமை ரபியா இருந்தாரு. அயர்லாந்துல முன்னாடி தலைமை ரபியா இருந்த டேவிட் ரோசன் வீகன். கலிலேயால அமிரிம்னு ஒரு கிராமம், 1958-ல சைவக்காரங்களே சேர்ந்து உண்டாக்குனது. அப்படி இருக்க இத நேத்து வந்த ஃபேஷன்னு சொல்ல முடியாது.

பண்டிகைல கறி இல்லாம சந்தோஷம் இல்லன்னு டால்முட்ல இருக்காமே?

பாட்டியோட பையன் ஒவ்வொரு பண்டிகைக்கும் இதத்தான் சொல்லுவாரு. அந்த வரி டால்முட்ல பெசாகிம்ன்ற தொகுதில 109-ஆம் தாள்ல வருது, ஆனா முழு வரி வேற. ஆலயம் இருந்த காலத்துல கறி இல்லாம சந்தோஷம் இல்ல, இப்ப ஆலயம் இல்லாததால ஒயின் இல்லாம சந்தோஷம் இல்லன்னு ரபி யெகூதா பென் பெதேரா சொல்றாரு. பண்டிகைக்கு இப்பவும் கறியும் வேணும்னு 12-ஆம் நூற்றாண்டு யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிருக்காரு, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா கறி கண்டாலே ஒருத்தருக்கு வயித்தப் பிரட்டுதுன்னா அதத் திணிக்கறது சந்தோஷம் ஆகாதுன்னு வீகனா இருக்கற ரபிகள் பதில் சொல்றாங்க. எனக்கு அது நியாயமாத்தான் படுது.

வீகன்னா தானா கோஷர் ஆயிடும்ல?

கோஷர்னா யூத மதச் சட்டப்படி சாப்பிடத் தகுந்தது. இதுலதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்.

கீரைய எடுத்துக்குங்க. செடி கோஷர், ஆனா அதுல ஒட்டிட்டு இருக்கற பூச்சி கோஷர் இல்ல. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், லெட்யூஸ், கொத்தமல்லி எல்லாத்தையும் உப்புத் தண்ணில ஊற வெச்சு, ஒவ்வொரு இலையா லைட்டுக்கு நேரா புடிச்சு ரெண்டு பக்கமும் பாக்கணும். முதல் வாரம் நான் ஒரு கொத்தமல்லிக் கட்ட நம்ம ஊர் மாதிரி அலசிட்டு நறுக்கிட்டேன், பாட்டி ஒண்ணும் சொல்லாம மொத்தத்தையும் குப்பைல போட்டுட்டு கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து எப்படி பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அசுவினி பூச்சி பச்சையா இலை கலர்லயே இருக்கும், வெளிச்சத்துல மட்டும்தான் தெரியும்.

அடுத்து ஒயின். திராட்சைல பண்ணதுதான், ஆனா யூதர்களே செஞ்சு கையாண்டதா இருந்தாத்தான் கோஷர். அடுத்து யார் சமைச்சதுன்னு ஒரு சட்டம் இருக்கு. பச்சையா திங்க முடியாததும் விருந்துல வைக்கிற தரத்துல இருக்கறதுமான சாப்பாட்ட யூதர் அல்லாதவங்க தனியா சமைச்சா ஆகாது. அஷ்கெனாசி வழக்கத்துல யூதர் ஒருத்தர் அடுப்பப் பத்த வெச்சா போதும், செபார்டிகள் (ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்த யூதர்கள்) இன்னும் கொஞ்சம் கடுமை. அதனால ஏழு வருஷமா சனிக்கிழமை தவிர தினமும் காலைல பாட்டி வாக்கர புடிச்சுக்கிட்டு கிச்சன் வரைக்கும் நடந்து வந்து அடுப்பப் பத்த வெச்சுட்டுப் போவாங்க, அப்புறம்தான் நான் சட்டிய வைப்பேன். எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல. முழங்கால் வலியோட வந்து அந்த திருகாணிய திருப்பறாங்க பாருங்க, அதப் பாத்துதான் இந்த மதத்து மேல எனக்கு மரியாதை வந்துச்சு.

அப்ப கோஷர்னு போட்டிருந்தா வீகன் சாப்பிடலாமா?

பார்வேன்னு போட்டிருக்கான்னு பாருங்க. கறியும் இல்ல பாலும் இல்லன்னு அர்த்தம். பால் ஒத்துக்காதவங்களுக்கும் வீகனுக்கும் அது பெரிய உதவி, பிஸ்கட் பாக்கெட்ட திருப்பிப் பாத்தா போதும். ஆனா பார்வேல முட்டை, மீன், தேன் இருக்கலாம், அதனால பொருட்கள் லிஸ்ட்டையும் படிச்சே ஆகணும்.

நல்ல விஷயம் என்னன்னா வீகன் வீட்டுல ரெண்டு செட் பாத்திரம் தேவையில்ல. யாத்திராகமத்துல ரெண்டு தடவ உபாகமத்துல ஒரு தடவ ஆட்டுக்குட்டிய அதோட தாயோட பால்ல சமைக்காதேன்னு வர்ற வரில இருந்துதான் கறியும் பாலும் சேரக்கூடாதுன்ற இவ்ளோ பெரிய சட்டமே வந்துச்சு. ரெண்டு சிங்க், ரெண்டு செட் கரண்டி, கறி சாப்பிட்டா ஆறு மணி நேரம் பால் கிடையாது. பேத்தி தனியா வீடு எடுத்தப்ப ஒரே ஒரு செட்தான் வாங்குனா, பாட்டி அதப் பாத்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சாங்க.

பாதாம் பால் எல்லாம் இப்ப வந்த சமாசாரம்னு நெனைக்காதீங்க. 16-ஆம் நூற்றாண்டுல க்ராகோவ்ல இருந்த ரபி மோஷே இசர்லெஸ், ரமான்னு சொல்லுவாங்க, பாதாம் பால்ல கறி சமைக்கிறதப் பத்தி எழுதிருக்காரு. பாக்கறவன் நெசமான பால்னு நெனச்சுடக் கூடாது, அதனால பக்கத்துல கொஞ்சம் பாதாம் பருப்ப வெச்சுடுன்னு.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷபாத் (வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் ஓய்வு நாள்) சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

ஷபாத் டேபிள்ல வைக்கிற ஹல்லா ரொட்டில முட்டை போடறது அஷ்கெனாசி வழக்கம், முட்டை இல்லாம தண்ணி மாவுல பண்ற ஹல்லாவும் பழசுதான், செபார்டிகள்ல நெறைய பேரு அதத்தான் விரும்புவாங்க. மேல பளபளப்புக்கு முட்டை பூசறதுக்குப் பதிலா நான் கொஞ்சம் ஆயிலும் பேரீச்சம் சிரப்பும் கலந்து பூசறேன்.

சோலன்ட் ரொம்ப சுலபம். ஷபாத்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்றதால வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கறதுக்கு முன்னாடியே ஏத்தி சனிக்கிழமை மதியம் வரைக்கும் மெதுவா வேகற கூட்டு அது. பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, முழு வெங்காயம். கறிய எடுத்துட்டா ருசி போயிடும்னு சொல்லுவாங்க. வெங்காயத்த நல்லா செவக்க வறுத்து, காய்ஞ்ச காளான் நாலு போட்டு, தோலோட ஒரு பூண்ட முழுசா உள்ள வெச்சுப் பாருங்க, காலைல வீடே மணக்கும்.

பெசாக் பண்டிகைல செடர் தட்டுல ஆட்டெலும்பு வைக்கணுமே?

இதப் பத்தி எவ்ளோ வேணா பேசலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பெசாக்னா பஸ்காதான், செடர்னா அதோட முதல் ராத்திரி சடங்கு விருந்து. அந்தத் தட்டுல வறுத்த எலும்பு பழைய பஸ்கா ஆட்டோட ஞாபகத்துக்கு, முட்டை பண்டிகை பலியோட ஞாபகத்துக்கு. வீகன் வீடுகள்ல எலும்புக்கு பதிலா பீட்ரூட் வைக்கிறாங்க. மூணு வருஷம் முன்னாடி பேத்தி பீட்ரூட்ட சுட்டு எடுத்துட்டு வந்தப்ப டேபிள்ல பெரிய சண்டை. இதெல்லாம் இன்டர்நெட்ல படிச்ச கூத்துன்னு அவளோட மாமா கத்தறாரு. அப்ப யெஷிவான்ற மதப் பள்ளில படிக்கிற ஒரு சொந்தக்காரப் பையன், பதினேழு வயசு இருக்கும், எழுந்து போயி அலமாரில இருந்து பெசாகிம் தொகுதிய எடுத்துட்டு வந்து 114-ஆம் தாள்ல விரல வெச்சான். செடர்ல வைக்கிற ரெண்டு சமைச்ச பதார்த்தம் எதுன்னு கேள்வி, பீட்ரூட் கீரையும் அரிசியும்னு டால்முட் காலத்து ரபி ரவ் ஹுனாவோட பதில். ரவ் ஹுனா வாயில இருந்து வந்ததுன்றதுக்காகவே ரவான்ற இன்னொரு பெரியவரு பீட்டும் அரிசியும் தேடி வாங்குவாராம். கீரையா கிழங்கான்னு கொஞ்ச நேரம் வாக்குவாதம், ஆனா குரல் இறங்கிடுச்சு. பாட்டி கைய நீட்டி பீட்ரூட்ட வாங்கி எலும்புக்குப் பக்கத்துலயே வெச்சாங்க. அன்னைல இருந்து எங்க தட்டுல ரெண்டும் இருக்கு, பீட்ரூட் சாறு எலும்பு மேல வழிஞ்சு செவப்பா நிக்கும்.

சாப்பாட்டுல நெசமான கஷ்டம் வேற. அஷ்கெனாசிகள் பெசாக்ல, மட்சான்ற புளிக்காத ரொட்டி தவிர, கோதுமை பார்லி மட்டும் இல்லாம அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, சோயா எதையும் தொட மாட்டாங்க, கிட்னியோட்னு பேரு. கறி மீன் முட்டையும் இல்லன்னா ஏழு நாள், வெளிநாட்டுல எட்டு நாள், என்னத்தத் திங்கறது? உருளைக்கிழங்கு, காய்கறி, நட்ஸ், கினோவா, அவ்ளோதான். செபார்டிகள் கிட்னியோட் சாப்பிடுவாங்க. அமெரிக்கால கன்சர்வேட்டிவ் பிரிவு 2015-ல அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம்னு தீர்ப்பு குடுத்தாங்க. பழைய சட்டத்த அப்படியே கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் ஆளுங்க அத ஏத்துக்கல, ஆனா வீகன்னு காரணம் சொல்லி தங்களோட ரபிகிட்ட தனியா கேக்கலாம். அத செய்யாம பட்டினி கிடந்து உடம்ப கெடுத்துக்காதீங்க, உடம்ப காப்பாத்தறதும் கட்டளைதான். ரவ் ஹுனா செடர் தட்டுக்கே அரிசிய சொன்னாருன்றதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

புது வருஷத்துக்கு ஆப்பிள தேன்ல தொட்டு சாப்பிடணுமே?

பேரீச்சம் சிரப், இங்க சிலான்னு சொல்லுவாங்க. பாலும் தேனும் ஓடுற தேசம்னு வர்ற தேனே பேரீச்சம் தேன்தான்னு உரைகாரங்க சொல்லிருக்காங்க.

டெஃபிலின், தோரா சுருள் எல்லாம் தோல்தானே? அத என்ன பண்றது?

இதுக்கு சுத்தமான பதில் கிடையாது. தோரா சுருளும் (மோசேயோட அஞ்சு புஸ்தகம்) வாசக்கால்ல பதிக்கிற மெசுசாவும் தோல்லதான் எழுதணும், ஜெபத்துல நெத்திலயும் கையிலயும் கட்டற டெஃபிலின் பெட்டியும் வாரும் தோல்தான், புது வருஷத்துல ஊதற ஷோஃபார் ஆட்டுக் கொம்பு. பிளாஸ்டிக்குல பண்ணா சட்டப்படி செல்லாது. ஒரு வழி இருக்கு, அந்தத் தோல் கோஷர் வகை மிருகத்தோடதா இருக்கணுமே தவிர அறுத்ததா இருக்கணும்னு இல்ல, தானா செத்ததோட தோலும் ஆகும்னு டால்முட்லயே, ஷபாத்ன்ற தொகுதில 108-ஆம் தாள்ல இருக்கு. அப்படி செஞ்சது கிடைக்குதான்னு தேடறவங்க இருக்காங்க. தாத்தா போட்டுட்டிருந்த பழைய டெஃபிலின பழுது பாத்து போடறவங்களும் இருக்காங்க, புதுசா ஒரு மிருகம் சாக வேண்டாமேன்னு.

நான் முன்னாடி சொன்ன அதே ரமா இன்னொண்ணும் எழுதிருக்காரு. புதுத் துணி போட்டவங்கள, இது நைஞ்சு அடுத்தது வாங்கணும்னு வாழ்த்தறது வழக்கம். ஆனா தோல் செருப்புக்கு அப்படி வாழ்த்தக் கூடாதுன்னு சிலரு சொல்றாங்க, ஏன்னா இன்னொரு மிருகத்தக் கொல்லணும், கடவுளோட இரக்கம் அவர் படைச்ச எல்லாத்து மேலயும்னு வேதத்துல இருக்கு, அப்படின்னு. அந்த வசனம் 145-ஆம் சங்கீதத்துல வருது, ஜெபத்துல தினமும் மூணு தடவ சொல்றது. பாட்டி ஜன்னல் பக்கம் உக்காந்து அத முணுமுணுக்கறது கிச்சன்ல எனக்கு தினமும் கேக்கும்.

கோஷர் அறுப்பே வலி இல்லாததுதானே, அப்புறம் என்ன பிரச்சனை?

ஷோஹெத் (மத முறைப்படி அறுக்கறவரு) கத்தில மயிரிழை பிசிறு கூட இருக்கக் கூடாது, விரல் நகத்து மேல ஓட்டி ஓட்டிப் பாப்பாரு, எங்கயாவது தட்டுச்சுன்னா அந்தக் கத்தி ஆகாது. அந்த அக்கறைய நான் மதிக்கிறேன். ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி அந்த மிருகம் எப்படி வாழ்ந்துச்சு? கூண்டுல திரும்ப முடியாம அடைச்சு, கறி வெள்ளையா இருக்கணும்னு சத்தில்லாத தண்ணிச் சாப்பாடு குடுத்து வளக்கற கன்னுக்குட்டி முறை தப்புன்னு, 20-ஆம் நூற்றாண்டுல அமெரிக்கா ஆர்த்தடாக்ஸ் ஆளுங்க ரொம்ப மதிச்ச ரபி மோஷே ஃபைன்ஸ்டைனே தீர்ப்பு எழுதிருக்காரு. 2004-ல அயோவா மாநிலத்துல ஒரு பெரிய கோஷர் கறிக்கூடத்துல ரகசியமா எடுத்த வீடியோ வெளில வந்து, அறுத்த மாடுங்க எழுந்து தடுமாறுறதப் பாத்து நெறைய பேரு கறிய விட்டாங்க.

உயிருள்ளதுக்கு நோவு குடுக்காதேன்றது தனியா ஒரு பெரிய விதி. போரடிக்கிற மாட்டோட வாயக் கட்டாதே, சுமை தாங்காம விழுந்த கழுதைய தூக்கி விடு, நீ சாப்பிடறதுக்கு முன்னாடி மாட்டுக்குப் போடுன்னு போகும். டால்முட்ல ஒரு கதை. டால்முடுக்கு அடிப்படையான மிஷ்னான்ற சட்டத் தொகுப்பத் தொகுத்த ரபி யெகூதா ஹனாசிகிட்ட, வெட்டக் கொண்டுபோற கன்னுக்குட்டி ஓடி வந்து அவர் அங்கிக்குள்ள தலைய வெச்சு அழுதுச்சாம். போ, இதுக்குத்தான் நீ படைக்கப்பட்டன்னு அவரு சொல்லிட்டாரு. இவனுக்கு இரக்கம் இல்லன்னு வானத்துல முடிவாகி பல வருஷம் நோவுல கிடந்தாரு. ஒரு நாள் வேலைக்காரப் பொண்ணு வீட்டுல இருந்த கீரிப்பிள்ளை மாதிரி குட்டிங்கள பெருக்கித் தள்ளப் போனா. விட்டுடு, அவர் இரக்கம் அவர் படைச்ச எல்லாத்து மேலயும்னு இருக்குல்லன்னு தடுத்தாரு, நோவு விட்டுப் போச்சு. அதே வசனம்தான்.

செடில பண்ண கறி, லேப்ல வளக்கற கறி எல்லாம் கோஷரா?

செடில பண்ணது சர்ட்டிஃபிகேட் இருந்தா கோஷர், சீஸ் வெச்சே பர்கர் சாப்பிடலாம். ஆனா 2021-ல செடில பண்ண பன்னிக்கறிக்கு அமெரிக்காவோட பெரிய கோஷர் அமைப்பு முத்திரை குடுக்க மாட்டேன்னுடுச்சு, பொருள்ல தப்பில்ல, பேர கேட்டாலே ஜனங்களுக்கு ஒப்பாதுன்னு. லேப் கறிய 2023-ல இஸ்ரேல் தலைமை ரபி டேவிட் லாவ் ஒரு கம்பெனியோட பொருளுக்கு பார்வேன்னே சொன்னாரு. அது வீகனான்னு கேட்டா, மிருகத்தோட செல்லுல ஆரம்பிக்கறதால பேத்தி தொட மாட்டா.

வீட்டுல பெரியவங்க மனசு நோகுமே, அப்பா அம்மாவ மதிக்கறதும் கட்டளைதானே?

என் கண்ணுக்கு இதுதான் உண்மையான கேள்வி. சட்டத்துல ஒரு தடையும் இல்ல, தடை இருக்கறது பாட்டியோட சிக்கன் சூப்லதான். போலந்துல பட்டினி பாத்த குடும்பம் அது. அவங்க ஊத்திக் குடுக்கற சூப்ப பேத்தி வேண்டாம்னு தள்ளுனப்ப, நீ கடவுள விட இரக்கமானவளான்னு கேட்டு அழுதாங்க. அவளும் அழுதா. ரெண்டு வெள்ளிக்கிழமை அவ வரவே இல்ல.

மூணாவது வாரம் நான் வெங்காயத்த தோலோட போட்டேன், கேரட், செலரி கிழங்கு, பார்ஸ்லி வேர், சதகுப்பைக் கீரைன்ற டில், கலருக்கு ஒரு சிட்டிகை மஞ்சள், மூணு மணி நேரம் சிம்ல. பாட்டி சமைக்கிற அதே சட்டிய கேட்டேன், கறி சட்டி வேண்டாம் பார்வே சட்டிய எடுன்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. ருசி பாத்துட்டு உப்பு பத்தலன்னாங்க, உப்ப அவங்க கையாலயே போட்டாங்க. பேத்திக்கு அவங்களே ஊத்துனாங்க. வீகன் ஆகப்போற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, டேபிள்ல விவாதம் பண்ணாதீங்க, முன்னாடியே கிச்சனுக்குப் போயி பாட்டி கூட நின்னு சமைங்க.

இந்திய யூதர்கள் சமையல்ல வீகன் இருக்கா?

கொங்கண் பக்கத்து பெனே இஸ்ரேல் மக்கள் மலிதான்னு ஒண்ணு பண்ணுவாங்க. நனைச்ச அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், நட்ஸ், சுத்தி பழங்க. எலியா தீர்க்கதரிசி பேர்ல வேண்டிக்கிட்டு படைக்கறது, நம்ம வீட்டு இனிப்பு அவலேதான். கொச்சி யூதர்கள் கறிக் குழம்புல பால் பொருளே இல்லாம தேங்காப் பால்ல சமாளிச்சவங்க, கறிய எடுத்துட்டு காய் போட்டா முடிஞ்சுது.

வீகனா இருக்கற யூத ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்தா நம்ம சாப்பாடு குடுக்கலாமா?

முதல்ல அவங்ககிட்டயே கேளுங்க. ரொம்ப கடுமையா இருக்கறவங்க நம்ம பாத்திரத்துல சமைச்சத சாப்பிட மாட்டாங்க, முழுப் பழமும் பேப்பர் தட்டும் குடுங்க, கோவிச்சுக்காதீங்க. அவ்ளோ கடுமை இல்லாதவங்களுக்கு இட்லி, சாம்பார், பொரியல் எல்லாம் அப்படியே பொருந்தும், நெய் மட்டும் ஊத்தாதீங்க. பெசாக் சமயம்னா பெருங்காயத் தூள் வேண்டாம், அதுல கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பால படிச்சுப் பாருங்க. அஷ்கெனாசியா இருந்தா அந்த வாரம் இட்லியே ஆகாது. தேங்கா சட்னிய வெச்சீங்கன்னா வெள்ளையா இருக்கேன்னு தயிரோன்னு தயங்குவாங்க, கேக்கவும் கூச்சப்படுவாங்க. ரமா பாதாம் வைக்கச் சொன்ன மாதிரி நான் துருவுன தேங்கா மூடிய கிண்ணத்துப் பக்கத்துலயே வெச்சுடுவேன்.